ஆமாங்கன்னா ஆமாம்னு அர்த்தமில்லைங்க

டெஸ்க்குல புதுசா வந்து சேர்ந்திருக்கிற கண்ணுகளுக்கு,

பயிற்சிக் கோப்புல வைக்கணும், "மேடம், உங்க அனுபவத்துல இருந்து ஒரு அஞ்சு டிப்ஸ் குடுங்க"ன்னு போன மாசம் கேட்டிருந்தீங்க. முடியாதுன்னு சொல்லிட்டேன். முப்பத்தி மூணு வருசம் பத்திரிகையில குப்பை கொட்டினவகிட்ட அஞ்சு டிப்ஸ் கேட்டா எரிச்சல் வராம என்ன வரும்? நான் என்ன ரசப்பொடிக்கா குறிப்பு எழுதறேன்? அதுலயும் ஒவ்வொரு டிப்ஸும் இருபது வார்த்தைக்கு மேல போகக்கூடாதாம். போங்கப்பான்னு போனை வச்சுட்டேன்.

நேத்துக் காலைல உங்க வெப்சைட்ல ஒரு செய்தி பார்த்தேன். அதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளலை. அதனாலதான் இப்ப எழுதறேன். எந்தச் செய்தின்னு கடைசியில சொல்றேன். இப்பவே ஆரம்பிச்சா வாயில நல்ல வார்த்தை வராது.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ஏழாம் பக்கத்துல ‘அப்படிங்களா!’ன்னு ஒரு பெட்டிச் செய்தி வருமே, அதை எழுதிட்டிருந்தவ நான்தான். எங்கெங்கயோ நடக்கிற விநோதம், புதுசா வந்த மெஷினு, கேட்டா வாயைப் பொளக்கிற தகவல் எல்லாம் அதுக்குள்ளதான். ஆக்டோபஸுக்கு மூணு இதயம். பீளமேட்டுக் காலேஜ் பசங்க செஞ்ச, தானா நகர்ந்து வர்ற குப்பைத்தொட்டி. ஜனங்க பேப்பரைப் பிரிச்சா முதல் பக்கத்தை விட்டுட்டு நேரா அங்கதான் போவாங்க. ஆபீசுல மட்டும் அதுக்கு அஞ்சு பைசா மரியாதை கிடையாது. அரசியல் எழுதறவரு காபியைக் குடிச்சுட்டு டம்ளரை என் மேஜையில வச்சுட்டுப் போவாரு. "உங்களுக்கென்னங்க, துணுக்குத்தானே"ம்பாரு.

கலெக்டரைப் பத்தி ஒரு வரி வந்தா நாலு பேரு படிச்சுப் பார்ப்பாங்க. ஆக்டோபஸ் வந்து கேஸா போடப்போகுது? அதனால என் பெட்டியை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என்னையும் பிழை திருத்தறவரையும் தவிர ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. எழுதினது தப்பா இருந்தா யாருக்கு என்ன நட்டம்னுதான் எல்லாரும் நினைச்சோம். நானும்தான் நினைச்சேன்.

நம்ம ஊர்ல ஒரு வியாதி உண்டு. லேத் பட்டறை வச்சிருக்கிற யாராவது ஒருத்தர் வருசத்துக்கு ஒருக்காவாவது வந்து நிப்பாரு. தண்ணியில ஓடற பைக்கு, இல்லாட்டி காந்தத்துல ஓடற ஜெனரேட்டர். ஒருதடவை பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு பட்டறைக்குக் கூப்பிட்டாங்க. சக்கரத்தைச் சுத்திக் காந்தம் பதிச்சிருந்தாரு மனுசன். கரண்டே வேண்டாம், அதுபாட்டுக்குச் சுத்தும்னாரு. சுத்துச்சு. பல்பு எரிஞ்சுது. கூட வந்த போட்டோகிராபர் கையே தட்டிட்டாரு. நான் மேஜைக்கு அடியில தொங்கின துணியை விலக்கிப் பார்த்தேன். ஒரு கார் பேட்டரி உக்காந்திருந்துச்சு.

"இது என்னங்க?"

"அது சும்மா ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டுமுங்க அம்மணி."

"அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே. இப்பக் கழட்டுங்க பாக்கலாம்."

அவரு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. "கழட்டினா நின்னு போயிருமுங்களே"ன்னாரு, வெகு அப்பாவியா.

எனக்கு அவரு மேல கோபமே வரலை. அவரு பொய் சொல்லலையே. கழட்டுங்கன்னு அதுவரைக்கும் யாரும் சொல்லலை, அவ்வளவுதான். வடை வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சாரு. பஸ்ஸுல வர்றப்ப எனக்கு ஒரே பெருமை. என்னை யாரும் ஏமாத்த முடியாதுன்னு ஒரு திமிர் அன்னிக்குத்தான் ஏறுச்சு. அந்தத் திமிரைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். நான் ஓய்வு பெறுறதுக்கு மூணு வருசம் முன்னாடி. தொண்டாமுத்தூர்ல இருந்து நம்ம பகுதி நேர நிருபர் வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பினாரு. தென்னை மரத்துல ஒரு ஸ்பீக்கர் பொட்டி கட்டியிருக்கு, மழைக்கு நனையாம நீலத் தார்ப்பாய் சுத்தியிருக்கு. அந்தத் தோட்டத்து முதலாளி தேனீக் கூட்டத்தோட சத்தத்தைப் பதிவு பண்ணி அதுல போடறாராம். பத்து நாளா யானை தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்கலையாம்.

என் பெட்டிக்கு இதைவிட என்ன வேணும் சொல்லுங்க? மெஷினு இருக்கு, விநோதம் இருக்கு, ஆச்சரியத் தகவலும் இருக்கு. தேனீன்னா யானைக்கு ஆகாதுங்கறது கட்டுக்கதை இல்லை. அது உண்மைதான். அதுதான் வம்பாப் போச்சு. முழுப் பொய்யா இருந்திருந்தா எனக்கு அப்பவே மூக்குல வேர்த்திருக்கும்.

முதலாளி சொன்னதை மட்டும் வச்சு எழுதக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். பெருமைப்படறவர் சொல்றதை விட்டுட்டு அந்த இடத்துல நிக்கறவர்கிட்டக் கேக்கணும். அங்க ராத்திரியும் பகலும் காவல் இருக்கிறவர் மருதாசலம்னு ஒருத்தர். நம்பரை வாங்கினேன். பக்கத்தை மூடறதுக்கு இருபது நிமிசம் இருக்கு. பக்கம் கட்டறவரு என் நாற்காலிக்குப் பின்னாடியே வந்து நின்னு பெருமூச்சு விட்டுட்டிருக்காரு. அப்பப் பேசினதை அப்படியே எழுதறேன், நல்லாப் படிங்க.

"ஏனுங்ண்ணா, பத்திரிகை ஆபீசுல இருந்து பேசறேனுங்க. உங்க தோட்டத்துல தேனீ சத்தம் போடற பொட்டி வச்சிருக்காங்களாமா?"

"ஆமாங்க."

"அது வச்சதுல இருந்து யானை வர்றதில்லைங்களாமா?"

தொண்டையைக் கனைச்சாரு. அப்புறம், "ஆமாங்க."

"பத்து நாளா எட்டிக்கூடப் பாக்கலைங்களாமா?"

"ஆமாங்க."

"அப்ப அந்தச் சத்தத்துக்குப் பயந்துட்டுத்தான் வர்றதில்லை, இல்லைங்களா?"

"ஆமாங்க. அப்படித்தானுங்க சொல்றாங்க."

"ரொம்ப நன்றிங்ண்ணா"ன்னு வச்சுட்டேன். நாலு கேள்விக்கு நாலு ஆமாங்க. இதுக்கு மேல என்ன வேணும்? "தோட்டக் காவலாளியும் இதை உறுதிப்படுத்தினார்"னு ஒரு வரியை எழுதிப்போட்டேன். தலைப்பு, ‘தேனீ பாடுது, யானை ஓடுது!’ அந்தத் தலைப்புக்காக என் தோளை நானே தட்டிக்கிட்டேன்.

பிழை திருத்தறவரு ஒருத்தர் இருந்தாரு, அவரைச் சொல்லணும். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஒற்றுப் பிழையைத் தவிர வேற எதுலயும் தலையிட மாட்டாரு. அன்னிக்கு அவர்கிட்ட இருந்து திரும்பி வந்த தாள்ல ‘உறுதிப்படுத்தினார்’ங்கற வார்த்தையைச் சுத்திப் பென்சில்ல ஒரு வட்டம். ஓரத்துல சின்னதா, "எப்படி?"ன்னு எழுதியிருந்தாரு. நான் எழுந்து போய், "போன்ல ஆமான்னாருங்க, நேரமில்லை, விடுங்க"ன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. ரப்பரால அந்த வட்டத்தை அழிச்சுக் குடுத்துட்டாரு.

செய்தி பிச்சுக்கிட்டுப் போச்சு. பேப்பரைப் போட்டோ எடுத்து எந்தக் குரூப்பைத் திறந்தாலும் அதுதான். அமெரிக்காவுல இருக்கிற என் நாத்தனார் பையன் எனக்கே அனுப்பி, "அத்தை, இது உண்மையா?"ன்னு கேட்டான். "நான்தாண்டா எழுதினேன்"னு மார்தட்டிக்கிட்டேன். அரசியல் எழுதறவரு அன்னிக்கு டம்ளரைக் கொண்டுபோய் வேற மேஜையில வச்சாரு.

பதினஞ்சு நாள் இருக்கும். காலைல பத்து மணிக்கு என் மேஜைக்கு ஒரு போன்.

"ஏனுங்க அம்மணி, பேப்பர் ஆபீசுங்களா? நான் மருதாசலத்தோட சம்சாரம் ராஜாமணி பேசறனுங்க. அன்னிக்கு இந்த நம்பர்ல இருந்துதான் கூப்புட்டீங்கன்னாரு. சாப்ட்டாச்சுங்களா?"

உசுரு போற விசயத்தைப் பேச வந்தவங்க, சாப்ட்டாச்சுங்களான்னுதான் ஆரம்பிச்சாங்க. ஆச்சுங்கன்னேன்.

"ஒண்ணுமில்லைங்க. யானை வராதுன்னு போட்டிருந்தீங்களல்லங்க. அது வருதுங்க. வருதுன்னும் ஒரு வரி போட்டீங்கன்னாத் தேவலைங்க."

என்ன ஆச்சுங்கன்னு கேட்டேன்.

"நேத்துப் பொழுதோட வந்துச்சுங்க. பத்தடியில நின்னுச்சாமுங்க. ஊட்டுக்காரரு கிணத்து மேட்டுல எகிறிக் குதிச்சு ஓடிட்டாருங்க. முட்டி பேந்து கெடக்குது. பண்ணாடிகிட்டப் போய்ச் சொன்னேனுங்க. நீ சொல்றதை நம்பறதா, பேப்பர்ல போட்டிருக்கறதை நம்பறதாங்கறாருங்க."

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்றேன், பண்ணாடின்னா தோட்டத்து முதலாளி, பொழுதோடன்னா சாயங்காலம். அந்த அம்மா மெதுவா, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ போட்டு, மிச்சத்தையும் சொன்னாங்க. முன்னெல்லாம் காவலுக்கு ரெண்டு ஆளு, கையில பட்டாசு, பெரிய டார்ச்சு. செய்தி வந்த மறுநாளே இன்னொரு ஆளை நிறுத்தியாச்சு. யானையே வராத தோட்டத்துக்கு ரெண்டு பேரு எதுக்கு? பட்டாசும் எதுக்கு? மருதாசலம் மட்டும் தனியா, அந்தப் பொட்டியோட.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. தெரியாம ஏதாச்சும் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கங்க"ன்னு வேற சொன்னாங்க. தப்புப் பண்ணினவ நான், மன்னிப்புக் கேட்டது அவங்க. தலையில அடிச்சுக்கிட்டேன், நெசமாவே அடிச்சுக்கிட்டேன்.

நேரா ஆசிரியர் ரூமுக்குப் போனேன். மறுப்புப் போடணும்னேன். அவரு, "ஏம்மா, இந்த வருசத்துலயே அதிகமா பேர் வாங்கிக் குடுத்த செய்தி அது. யாரோ ஒரு பொம்பள போன் பண்ணினாங்கன்னு மறுப்பா?"ன்னாரு. எரிச்சலா இருந்தாலும் அவரு கேட்டதுல நியாயம் இருந்துச்சு. ஒரு போனை நம்பிப் போட்டுட்டேன். இன்னொரு போனை நம்பி மறுக்கறதா? கைப்பையை எடுத்துட்டுக் காந்திபுரத்துல பஸ் ஏறிட்டேன். அந்தத் தொண்டாமுத்தூர்ச் செய்தியை எழுதறப்ப நான் தொண்டாமுத்தூருக்கே போகலைங்கறது பஸ்ஸுல டிக்கெட் எடுக்கும்போதுதான் உறைச்சுது.

முதலாளி ஒண்ணும் கெட்டவர் கிடையாது. முப்பத்தஞ்சு வயசுதான் இருக்கும், படிச்சவர், டவுன்ல குடியிருந்துட்டு வாரத்துக்கு ரெண்டு தரம் தோட்டத்துக்கு வந்து போறவர். நான் போனப்ப இருந்தாரு. "வாங்க வாங்க, உங்களாலதானுங்க நம்ம தோட்டத்துக்கே பேரு"ன்னு இளநி வெட்டச் சொன்னாரு. மோட்டார் ரூம் கதவுல என் செய்தியை லேமினேசன் பண்ணி ஆணியடிச்சு மாட்டியிருந்தாரு. வந்த இளநியைக் குடிக்காம கீழ வச்சுட்டேன்.

இளநி கொண்டு வந்தவர்தான் மருதாசலம். அம்பதைத் தாண்டின ஆளு. முட்டியில வேட்டித்துணியைக் கிழிச்சுக் கட்டியிருந்தாரு. யானை வந்துச்சாமேன்னு நான் கேட்டதும் முதலாளி சிரிச்சுட்டே அவரைக் கூப்பிட்டாரு.

"ஏண்டா மருதாசலம், யானை இந்தப் பக்கம் வர்றதில்லை, இல்ல?"

மருதாசலம் தரையைப் பார்த்தாரு. "ஆமாங்க"ன்னாரு.

என் கண்ணு முன்னாடி. முட்டியில கட்டோட. ஆமாங்க.

கண்ணுகளா, எங்கம்மா தோட்டக் கூலிக்குப் போனவங்க. அவங்க அம்மாவும் அதேதான். நாளெல்லாம் எங்கம்மா வாயில ‘ஆமாங்க’தான். "இன்னிக்குக் களை எடுத்து முடிச்சிருவியா?" ஆமாங்க. "நேத்து நீதான தண்ணி போற வாய்மடையை அடைக்காம போனது?" ஆமாங்க. அடைச்சுட்டு வந்தது எனக்கே தெரியும், கூட இருந்தேன். ஏம்மா அப்படிச் சொன்னேன்னு கேட்டா, "நீங்க சொல்றது காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன், வேறென்ன"ம்பாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஜெபம் முடிஞ்சு எல்லாரும் ஆமென்னு சொல்றப்பக்கூட எங்கம்மா அதே குரல்ல, அதே தலையாட்டலோடதான் சொல்லுவாங்க. நானும் என் அண்ணனும் கிள்ளிக்கிட்டுச் சிரிப்போம். அந்த வயித்துல பிறந்து வளர்ந்தவ நான். ஆமாங்கன்னா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம், சண்டை வேண்டாம்னு அர்த்தம், சீக்கிரம் போனை வைங்கன்னு அர்த்தம். எல்லாம் தெரிஞ்சவ, பத்திரிகை ஆபீசு நாற்காலியில உக்காந்ததும் அதை ‘உறுதிப்படுத்தினார்’னு எழுதிட்டேன். எனக்கு வந்த வெக்கம் அந்த இளநித் தண்ணியில முங்கிச் செத்திருக்கலாம்ங்கற அளவுக்கு இருந்துச்சு.

அப்பத்தான் அந்தக் காந்தக்காரர் ஞாபகம் வந்தாரு. யானை வந்துச்சா, வரலையான்னு கேக்கறதை விட்டேன்.

"அண்ணா, நேத்துப் பொழுதோட நீங்க எங்க நின்னீங்க? அந்த இடத்தைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னேன்.

அவரு முதலாளியைப் பார்த்தாரு. அப்புறம் நொண்டிக்கிட்டே நடக்க ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரும் பின்னாடியே போனோம். ஸ்பீக்கர் கட்டின தென்னை மரத்துக்கு நேர் கீழ, ஈர மண்ணுல வரிசையாக் காலடி. ஒவ்வொண்ணும் சோத்துத் தட்டைவிடப் பெருசு. பக்கத்துல நாலு தென்னம்பிள்ளையைப் பிடுங்கிப் போட்டிருந்துச்சு. மேல அந்தப் பொட்டி உய்யின்னு கத்திட்டே இருக்கு.

"இது பழைய தடமுங்க"ன்னாரு முதலாளி. சொல்லிட்டு, பிடுங்கிக் கிடந்த தென்னம்பிள்ளையைக் காலால தள்ளிப் பார்த்துட்டு, போன் வந்துச்சுன்னு வரப்பு மேல ஏறி அந்தப் பக்கம் போயிட்டாரு.

"அண்ணா, முன்னெல்லாம் யானை வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காதுதானுங்க அம்மணி." முதல் தடவையா ஆமாங்க இல்லாத ஒரு பதில். "அது நடந்தா சத்தமே கேக்காதுங்க. ஆனா மட்டை முறியறது கேக்கும். மூச்சு விடறது கேக்கும். சித்தெ காதைக் குடுத்தா வயித்துக்குள்ள கடமுடாங்கறதுகூடக் கேக்குமுங்க."

"இப்ப?"

அவரு அண்ணாந்து பொட்டியைப் பார்த்தாரு. "இது கத்தறப்ப ஒரு மசுரும் கேக்கறதில்லைங்க." சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

"அப்ப முதல் பத்து நாளு எப்படிச் சமாளிச்சீங்க?"

வரப்பைத் திரும்பிப் பார்த்தாரு. குரலைத் தணிச்சாரு. "நிறுத்தி வச்சிருந்தேனுங்க."

"எதை?"

"பொட்டியைத்தானுங்க. பண்ணாடி போனதும் நிறுத்திருவேன், வர்ற வண்டிச் சத்தம் கேட்டாப் போட்டுருவேன். அந்தப் பத்து நாளும் யானை வேற பக்கம் பலாக்காய்க்குப் போயிருந்துச்சுங்க. பேப்பர்ல வந்த பொறகு பண்ணாடி சுவிச்சை ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாருங்க."

விளங்குதா? யானை வராத அந்தப் பத்து நாளும் மெஷினு ஓடவே இல்லை. ஓடாத மெஷினைத்தான் நான் ஊரெல்லாம் புகழ்ந்தேன். நான் புகழ்ந்ததாலதான் அது ஓட ஆரம்பிச்சுது. அந்த மனுசனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அவரோட காது. அதை அடைச்சது யானையும் இல்லை, முதலாளியும் இல்லை. நான்.

"அம்மணி, நிறுத்தி வச்சேன்னு போட்டுராதீங்க. சோலி போயிருமுங்க"ன்னாரு. போட மாட்டேன்னேன்.

பஸ்ஸுல திரும்பி வர்றப்ப மண்டை வெடிச்சுது. எழுதலைன்னா உசுருக்கு ஆபத்து. அவரு சொன்னதை எழுதினா வேலைக்கு ஆபத்து. ஆபீஸ் வந்து ஆசிரியர்கிட்டச் சொன்னேன். பார்க்கலாம்னாரு. பார்க்கலாம்னா நம்ம ஆபீசுல என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். அன்னிக்கும் ‘அப்படிங்களா!’ பெட்டிக்கு எட்டு வரி இடம் இருந்துச்சு. அதை யாரும் படிக்க மாட்டாங்கன்னு முன்னாடியே சொன்னேனில்ல? அந்த அலட்சியம் அன்னிக்கு ஒருநாள் எனக்கு உதவுச்சு. நான் எழுதினது இதுதான்:

"தேனீ ஒலிக்கு யானை வராது என இதே பகுதியில் வெளியிட்டது தவறு. கருவி ஒலித்துக்கொண்டிருந்த மரத்தடியிலேயே யானை நடந்து சென்ற தடத்தை நேரில் கண்டோம். யானை வரும் அரவம் காவலிருப்பவர் காதில் விழாமல் இந்த ஒலி மறைத்துவிடுவதால் இது ஆபத்தானது. காவலாளி உறுதிப்படுத்தியதாக எழுதியதும் தவறு. அவர் அப்படிச் சொல்லவில்லை. நாங்கள் ஒழுங்காகக் கேட்கவில்லை."

பிழை திருத்தறவரு படிச்சாரு. ரெண்டாவது தடவையும் படிச்சாரு. ஒற்றுகூடத் திருத்தாம ஒரு டிக் போட்டுக் குடுத்தாரு.

மறுநாள் ஆசிரியர் கத்தின கத்தல் கேன்டீன் வரைக்கும் கேட்டுச்சாம். பெட்டியை என்கிட்ட இருந்து பிடுங்கி, நாலு மாசம் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ல உக்கார வச்சாங்க. எந்தக் கோயில்ல எத்தனை மணிக்கு அன்னதானம்னு எழுதிட்டிருந்தேன். அந்த முதலாளி போன் பண்ணினாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். "பேப்பர்லயே போட்டுட்டீங்க, அப்பறம் என்னங்க, பொட்டியைக் கழட்டச் சொல்லிட்டேன். ஆளையும் மறுபடி போட்டாச்சுங்க"ன்னாரு. முட்டி பேந்த ஆளு முன்னாடி நிக்கறாரு, நம்பலை. காலடியில தடம் கிடக்குது, நம்பலை. ஏழாம் பக்கத்துல எட்டு வரி, உடனே நம்பிட்டாரு. இதுக்குச் சந்தோசப்படறதா அழறதா சொல்லுங்க.

இனி நேத்து விசயம்.

என்னோட மறுப்பை யாரும் போட்டோ எடுத்து அனுப்பலை. மறுப்பை எவன் ஃபார்வர்ட் பண்ணுவான்? பழைய செய்தி மட்டும் இத்தனை வருசமாச் சுத்திக்கிட்டே இருந்திருக்கு. சுத்திச் சுத்தி நேத்து உங்க வெப்சைட்டுக்கே வந்து சேர்ந்துருச்சு. அதே நீலத் தார்ப்பாய், அதே தென்னை மரம். ‘யானைகளை விரட்டும் ஏஐ தேனீக்கள்: தொண்டாமுத்தூர் விவசாயி அசத்தல்!’ எங்க காலத்துல வெறும் ஸ்பீக்கர். நீங்க ஏஐ வேற சேர்த்துட்டீங்க. கடைசி வரி, "அப்பகுதி மக்கள் இதனை உறுதிப்படுத்தினர்."

பதினோரு மணிக்கு உங்க டெஸ்க்குக்குப் போன் பண்ணினேன். ஒரு பிள்ளை எடுத்துச்சு. யாரைக் கேட்டீங்கன்னேன். அங்க ஒரு கடைக்காரருக்குப் போன் போட்டாங்களாம், அவரு ஆமான்னாராம். இது நான் பண்ணின தப்பு, முதல்ல இதை எடுங்கன்னு கத்தினேன். "ஆமாங்க மேடம், எடுத்துடறோம்"னு அந்தப் பிள்ளை மரியாதையாச் சொல்லுச்சு. இன்னிக்குக் காலைல பார்த்தேன். அப்படியேதான் இருக்கு. மேல ‘டிரெண்டிங்’னு சிவப்புல ஒரு பட்டை வேற.

உடனே ராஜாமணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணன் நல்லா இருக்காருங்களா?"

"ஆமாங்க."

நான் போனை வைக்கலை. "இப்ப எங்க இருக்காரு? காவலுக்கு யாரு கூடப் போறாங்க? தோட்டத்துல என்ன புதுசா?"

ராஜாமணி குரலைத் தணிச்சாங்க.

"தனியாத்தான் போறாருங்க அம்மணி. கூட இருந்தவரைப் பண்ணாடி நேத்தே நிறுத்திட்டாருங்க. உங்க பேப்பர்ல மறுபடி வந்திருக்குதாமுங்களே, இது பழைய மாதிரி இல்லை, ஏஐயின்னு சொன்னாருங்க. பெரிய பொட்டியா வாங்கிட்டு வந்து இன்னிக்கு மாட்டறாங்க. அவருக்கு இப்பக் காதும் முன்ன மாதிரி இல்லைங்க. நீங்க சாப்ட்டாச்சுங்களா?"

இதை எழுதி உங்க குரூப்புல போட்டுட்டு நான் பஸ் ஏறப்போறேன். பொழுது சாயறதுக்குள்ள தோட்டத்துல இருப்பேன். நான் போய் நின்னு கத்தினா அந்த முதலாளி கேக்க மாட்டாரு, அவருக்குப் பேப்பர்ல வரணும். அதனால அங்க இறங்கினதும் உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன். செய்தியை எடுத்தாச்சா, மறுப்புப் போட்டாச்சான்னு கேட்பேன்.

ஆமாங்க மேடம்னு மட்டும் சொல்லிடாதீங்க. எத்தனை மணிக்கு எடுத்தீங்க, மறுப்புல என்ன எழுதினீங்கன்னு வரி வரியாப் படிச்சுக் காட்டுங்க.